கடுங்காயத்துக்குப் பின் மீண்டும் பந்தயத் தடத்தில்: ராபர்ட் குபிட்சாவை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பந்தயத்தில் கடுமையாகக் காயமுற்ற ஓட்டுநர் திரும்பி வந்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம், எத்தனை நாளில் திரும்பினார் என்பதுதான் முதலில் பேசப்படுகிறது. உடல் தேறுவது ஒரு கணக்கு, பந்தய உலகில் பழைய இடம் கிடைப்பது இன்னொரு கணக்கு. இவ்விரண்டும் ஒரே நாளில் முடிவது அபூர்வம். போலந்து நாட்டு ஓட்டுநர் ராபர்ட் குபிட்சாவின் வாழ்க்கையில் இந்த இரு கணக்குகளுக்கும் இடையிலான தொலைவு மிகத் தெளிவாகத் தெரிவதால், கீழுள்ள விடைகள் பெரும்பாலும் அவரைச் சுற்றியே அமைந்துள்ளன. மற்றவர்கள் ஒப்பீட்டுக்காக வருகிறார்கள்.

குபிட்சா யார்? அவருக்கு என்ன நேர்ந்தது?

1984 டிசம்பரில் கிராக்கோவ் நகரில் பிறந்த குபிட்சா, 2006ஆம் ஆண்டு ஹங்கேரிப் பந்தயத்தில் ஃபார்முலா 1க்குள் நுழைந்த முதல் போலந்து நாட்டவர். 2007இல் கனடாவின் மான்ட்ரியல் தடத்தில் அவருடைய கார் சுவரில் மோதி உருண்டு சிதறியது. பார்த்தவர்கள் அவர் உயிரோடு இருப்பாரா என்று அஞ்சினார்கள். அவரோ ஒரேயொரு பந்தயத்தை மட்டும் தவறவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு அதே தடத்தில் வென்றார். அதுவே ஃபார்முலா 1இல் அவருடைய ஒரே வெற்றி. 2010இல் ரெனோ அணிக்கு ஓட்டியபோது, காரின் தரத்தை மீறி முன்வரிசைக்கு வந்துகொண்டிருந்த அவரை, அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவராகச் சக ஓட்டுநர்களே மதித்தார்கள். 2012 முதல் ஃபெராரிக்கு ஓட்ட அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார் என்பது பல ஆண்டுகள் கழித்து அவர் வாயாலேயே தெரியவந்தது.

2011 பிப்ரவரி 6ஆம் தேதி, புதிய பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில், இத்தாலியின் லிகூரியா பகுதியில் நடந்த ஆன்டோரா ராலியில் (பொதுச் சாலைகளில் கட்டம் கட்டமாக நேரம் குறித்து ஓட்டும் பந்தயம் ராலி) ஸ்கோடா ஃபேபியா காரை ஓட்டிச் சென்றார். கார் சாலையோரத் தடுப்பில் மோதியது. தடுப்பின் இரும்புப் பட்டை காரின் முன்புறத்தைத் துளைத்து உள்ளே புகுந்து, பக்கத்தில் அமர்ந்திருந்த துணை ஓட்டுநரை விட்டுவிட்டு, குபிட்சாவின் வலப்பக்கத்தைக் கிழித்தது. வலது முன்கை ஏறத்தாழத் துண்டாகும் நிலைக்குப் போயிருந்தது. முழங்கை, தோள், கால் ஆகியவற்றிலும் முறிவுகள். அவரைக் காரிலிருந்து வெளியே எடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பியெத்ரா லிகூரே நகரின் சாந்தா கொரோனா மருத்துவமனையில் 7 மணி நேர அறுவைச் சிகிச்சையில் கையைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகும் பல அறுவைகள் தேவைப்பட்டன. 2012 ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்ததில் காலை மீண்டும் முறித்துக்கொண்டார்.

ஃபார்முலா 1 ஓட்டுநர் ராலியில் என்ன செய்துகொண்டிருந்தார்?

விரும்பிச் சென்றார். ராலியில் ஓட்டுவது தம்மைக் கூர்மையாக வைத்திருக்கிறது என்பது அவர் நம்பிக்கை; அணியும் அதற்கு இணங்கியிருந்தது. அதை வீண் துணிச்சல் என்று விபத்துக்குப் பின் பலரும் சொன்னார்கள். பின்னால் அவர் ஓட்டுநராக மீண்டெழ வழிகொடுத்ததும் அதே ராலிதான் என்பதை அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

எலும்பு கூடிவிட்டால் ஓட்ட முடியாதா? ஏன் இத்தனை ஆண்டுகள்?

எலும்பு கூடச் சில மாதங்கள் போதும். நரம்பு அப்படியில்லை. துண்டிக்கப்பட்ட நரம்பைத் தைத்துச் சேர்த்தாலும், அதன் இழைகள் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதிதாக வளர்ந்து தசையைப் போய்ச் சேர வேண்டும்; அந்த வளர்ச்சியின் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். முழங்கையருகே அறுந்த நரம்பு விரல்களை எட்ட வேண்டுமானால் எல்லாம் சரியாக நடந்தாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஆணை கிடைக்காத தசைகள் மெலிந்துபோகின்றன, மூட்டுகள் இறுகிப்போகின்றன, வளர்ந்து வரும் இழைகள் எல்லாமே சரியான தசையைச் சென்று சேர்வதும் இல்லை. குபிட்சாவின் வலக்கை இன்றும் மெலிந்தே இருக்கிறது. விரல்களின் பிடியும் மணிக்கட்டின் அசைவும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

அவரைப் பொறுத்தவரை வலிமைக் குறைவைவிடப் பெரிய தடை வேறொன்று. உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்பும் முன்கைச் சுழற்சி அவருக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. நாம் கதவைத் திறக்கும்போதும், தோசையைத் திருப்பிப் போடும்போதும் எண்ணாமலே செய்கிற அசைவு அது. ஃபார்முலா 1 காரின் காக்பிட்டில், அதாவது அமரும் குழியில், ஓட்டுநரின் முழங்கைகள் விலாவோடு ஒட்டிக்கிடக்கின்றன. கையைத் தூக்கவோ விரிக்கவோ இடமில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்புவது முழுக்க மணிக்கட்டையும் முன்கைச் சுழற்சியையும் நம்பியிருக்கிறது. சாதாரண காரில் ஸ்டீயரிங்கைத் திருப்ப முன்கை சுழல மறுத்தால் தோள் ஈடுகொடுக்கும். ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் தோள் ஈடுகொடுக்க வழியில்லை.

அப்படியானால் ராலி கார் எப்படிச் சாத்தியமானது?

மேலே சொன்ன அதே காரணத்தால். ராலி காரின் உட்புறம் அகலமானது. தோளையும் முதுகையும் பயன்படுத்தி ஸ்டீயரிங்கைத் திருப்பலாம், கியர் மாற்றும் விசையை இடக்கைப் பக்கம் கொண்டுவரலாம். 2012 செப்டம்பரில் இத்தாலியின் சிறிய ராலி ஒன்றில் மீண்டும் காரில் அமர்ந்தவர், அதில் வென்றும் காட்டினார். 2013இல் சித்ரோன் காரில் உலக ராலி வாகையர் போட்டியின் இரண்டாம் பிரிவான டபிள்யூ.ஆர்.சி. 2 பட்டத்தை வென்றார். அடுத்த இரு ஆண்டுகள் முதன்மைப் பிரிவில் ஃபோர்டு ஃபியெஸ்டா காரோடு போராடினார். சில கட்டங்களில் அனைவரையும் விட வேகமாக ஓட்டினார், பல ராலிகளில் சாலையை விட்டு வெளியேறினார்.

இந்த ஆண்டுகளை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இடைவேளையாகக் கருதிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உடலால் எதைச் செய்ய முடியாது என்பதைக் கண்டறிந்து, அதற்கு மாற்று வழியை மூளைக்குப் பழக்கும் வேலை நடந்தது அங்கேதான். பிற்காலத்தில் தாம் ஏறத்தாழ 70 விழுக்காடு இடக்கையாலும் 30 விழுக்காடு வலக்கையாலும் ஓட்டுவதாக அவர் சொன்னபோது, அந்த விகிதத்துக்குப் பின்னால் பல்லாயிரம் கிலோமீட்டர் மண் சாலையும் பனிச் சாலையும் இருந்தன.

நிக்கி லவுடா 42 நாட்களில் திரும்பினாரே?

திரும்பினார். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் பழைய நூர்பர்க்ரிங் தடத்தில் அந்த ஆஸ்திரிய ஃபார்முலா 1 ஓட்டுநரின் ஃபெராரி தீப்பிடித்தது. அர்த்துரோ மெர்சாரியோ உள்ளிட்ட நான்கு சக ஓட்டுநர்கள் அவரை நெருப்பிலிருந்து இழுத்தெடுத்தார்கள். முகமும் தலையும் வெந்திருந்தன. அதைவிட ஆபத்தாக, அவர் சுவாசித்த நச்சுப்புகை நுரையீரலைத் தாக்கியிருந்தது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து, இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குச் செய்யும் சடங்கையும் செய்துவிட்டார். செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் மொன்சாவில், கட்டுகளோடும் கசியும் புண்களோடும் ஓட்டி நான்காவதாக வந்தார்.

துணிச்சலில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் லவுடாவையும் குபிட்சாவையும் நாள் கணக்கில் ஒப்பிடுவது பொருந்தாது. லவுடாவின் காயம் உயிரைப் பறித்திருக்கக்கூடியது, எனினும் அது அவருடைய கைகால்களின் செயலைப் பறிக்கவில்லை. வலியைத் தாங்க முடிந்தால், இமைகள் ஒழுங்காக மூடித் திறந்தால், நுரையீரல் தேறிவிட்டால், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பழையபடியே அவர் சொல் கேட்டன. குபிட்சாவின் உயிர் முதல் சில நாட்களில் தப்பிவிட்டது, கையின் செயல்தான் தப்பவில்லை. எந்தக் காயம் பெரியது என்பதும் எந்தக் காயம் ஓட்டுநரை நிறுத்தும் என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

லவுடாவின் அவசரத்துக்கு ஒரு கணக்கும் இருந்தது. வாகையர் பட்டியலில் அவர் முன்னிலையில் இருந்தார், ஜேம்ஸ் ஹன்ட் நெருங்கிக்கொண்டிருந்தார், ஃபெராரியோ அவருக்குப் பதிலாகக் கார்லோஸ் ரூட்டெமானை ஒப்பந்தம் செய்துவிட்டது. மொன்சாவில் ஃபெராரி மூன்று கார்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் ஜப்பானின் ஃபூஜி தடத்தில் கொட்டும் மழையில் தாமாகவே காரை நிறுத்தி இறங்கிய லவுடா, ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தார். 1977இல் அதை மீட்டார். ஓய்வுபெற்றுத் திரும்பிவந்து 1984இல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் இன்னொரு பட்டமும் வென்றார்.

விரைவாகத் திரும்புவது நல்லதா?

பிரிட்டிஷ் ஓட்டுநர் ஜானி ஹெர்பர்ட்டின் அனுபவம் இதற்கு எச்சரிக்கையாக நிற்கிறது. 1988 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் நடந்த, ஃபார்முலா 1க்கு அடுத்த நிலையான ஃபார்முலா 3000 பந்தயத்தில் அவருடைய இரு பாதங்களும் நொறுங்கின. ஏழே மாதங்களில், 1989 மார்ச்சில், பிரேசிலில் நடந்த தம் முதல் ஃபார்முலா 1 பந்தயத்தில் நான்காவதாக வந்து வியக்கவைத்தார். அப்போது அவரால் ஒழுங்காக நடக்கக்கூட முடியவில்லை. பிரேக்கைப் பலமாக அழுத்த வேண்டிய தடங்கள் வந்தபோது பாதம் ஒத்துழைக்கவில்லை. கனடாவில் தகுதிபெறத் தவறியதும் பெனட்டன் அணி அவரை மாற்றிவிட்டது. பிற்பாடு அவர் மூன்று ஃபார்முலா 1 பந்தயங்களையும், 1991இல் மஸ்தா காரில் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றார். முதல் அரைப் பருவத்தை உடல் தேறுவதற்கே விட்டிருந்தால் இன்னும் உயரப் போயிருப்பாரா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்ல முடியாது; கேள்வி மட்டும் அவரை விடாமல் தொடர்ந்தது.

தலையில் அடிபட்டவர்களின் நிலை என்ன?

வெளியிலிருந்து பார்த்து எதையும் கணிக்க முடியாத காயம் இதுதான். 1995 நவம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டயர் பழுதாகிச் சுவரில் மோதிய மிக்கா ஹாக்கினனுக்கு மண்டையோடு முறிந்தது. மூச்சு அடைபட்ட நிலையில் தடத்தோரத்திலேயே மருத்துவர்கள் கழுத்தில் துளையிட்டுக் காற்றுக்கு வழிசெய்ததால் பிழைத்தார். சரியாக நான்கு மாதங்கள் கழித்து, 1996 மார்ச் 10 அன்று, மெல்போர்னில் அடுத்த பருவத்தின் முதல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். 1998, 1999 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக வாகையர்.

ஃபெராரி ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவின் கதை சற்று மங்கலானது. 2009 ஜூலை 25 அன்று ஹங்கேரியில், முன்னால் சென்ற காரிலிருந்து கழன்று விழுந்த ஒரு சுருள்வில் அவருடைய தலைக்கவசத்தில் இடது கண்ணுக்கு மேலே மோதியது. அந்த ஆண்டின் எஞ்சிய பந்தயங்கள் எல்லாம் போயின. 2010இல் பஹ்ரைனில் திரும்பிய முதல் பந்தயத்திலேயே இரண்டாவதாக வந்தார். ஆயினும் 2017இல் ஓய்வுபெறும் வரை அவர் இன்னொரு பந்தயத்தை வெல்லவே இல்லை. அதற்குக் காயம்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதே 2010இல்தான் ஃபெர்னாண்டோ அலோன்சோ அவருக்கு அணித் தோழராக வந்தார் என்பதையும், அந்த ஆண்டு ஜூலை 25 அன்று, விபத்து நடந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், ஜெர்மனியில் முன்னிலையில் இருந்த மாஸாவுக்கு, ‘அலோன்சோ உன்னைவிட வேகமாக வருகிறார்’ என்ற செய்தி அணியிடமிருந்து வானொலியில் போய், அவர் வழிவிட்டார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டர்லிங் மோஸ் 1962 ஏப்ரலில் இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் மோதி ஒரு மாதம் நினைவின்றிக் கிடந்தார். ஓராண்டுக்குப் பின் அதே தடத்தில் தனியாகக் காரை ஓட்டிப் பார்த்தார். நேரங்கள் மோசமில்லை. முன்பு தானாக நடந்ததையெல்லாம் இப்போது நினைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று உணர்ந்து அன்றே விலகினார். அந்த முடிவை இன்னும் சில காலம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

திரும்பி ஓட்ட யார் அனுமதிக்க வேண்டும்?

ஓட்டுநரின் சொந்த மருத்துவர் நலம் என்று எழுதிக்கொடுப்பது போதாது. உலகக் கார் பந்தய ஆளுகை அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் மருத்துவர்கள் அவரைச் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். ஃபார்முலா 1இல் ஒரு நடைமுறைத் தேர்வும் உண்டு: முழு உடையோடு வார்ப்பட்டை கட்டி அமர்ந்திருக்கும் ஓட்டுநர், ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு 7 நொடிகளுக்குள் வெளியேற வேண்டும்; அடுத்த 5 நொடிகளுக்குள் ஸ்டீயரிங்கைத் திரும்பவும் பொருத்த வேண்டும். தலைக்கு மேல் வரும் ஹேலோ வளையம் 2018இல் கட்டாயமாவதற்கு முன் வெளியேறும் நேரம் இன்னும் குறைவாக இருந்தது. குபிட்சாவைப் போன்றவருக்கு இது வெறும் சடங்கன்று. தீப்பிடித்த காரிலிருந்து ஒரு கையை மட்டும் நம்பி எழுந்து வெளியேற முடியுமா என்பதை இதை விட்டால் வேறெப்படி அறிவது? 2017இல் அவர் அந்தத் தேர்வில் தேறினார்.

அணிகள் காத்திருக்குமா?

பொதுவாக இல்லை, காத்திருந்தவை காத்திருக்க முடிந்ததால் காத்திருந்தன. ஹாக்கினனின் விபத்து பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் நடந்ததால், மெக்லாரன் அணிக்கு இழப்பு ஒரு பந்தயம் மட்டுமே. 1999 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் காலை முறித்துக்கொண்ட மைக்கேல் ஷூமாக்கர் ஆறு பந்தயங்களை இழந்து மலேசியாவின் செபாங் தடத்தில் திரும்பினார்; அவரைச் சுற்றியே ஒரு அணியை ஃபெராரி கட்டிக்கொண்டிருந்ததால், மிக்கா சாலோ அவருடைய காரைத் தற்காலிகமாகவே ஓட்டினார். குபிட்சாவின் விபத்தோ பருவத்தின் வாசலில் நடந்தது. ரெனோ அணி நிக் ஹைட்ஃபெல்டை அமர்த்தியது, அந்த ஆண்டு முடிவதற்குள் அவரையும் மாற்றியது, பிறகு எல்லாமே கைமாறிப்போயிற்று.

ஓட்டுநர் இல்லாத ஆண்டுகளில் விளையாட்டும் மாறிவிடுகிறது. குபிட்சா விட்டுச் சென்ற ஃபார்முலா 1இல் எட்டுச் சிலிண்டர் எஞ்சின்கள் இருந்தன. அவர் திரும்பியபோது டயர் தயாரிப்பாளர் மாறியிருந்தார், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின்கள் மின்மோட்டாரோடு இணைந்திருந்தன, கார்கள் அகலமாகவும் கனமாகவும் ஆகியிருந்தன. ஆரோக்கியமான ஓட்டுநரே எட்டு ஆண்டுகள் விலகியிருந்தால் தடுமாறுவார்.

2019இல் அவர் திரும்பியது எப்படி நடந்தது?

2017 ஜூனில் ஸ்பெயினின் வலென்சியாவில், ஐந்தாண்டு பழைய கார் ஒன்றை ரெனோ அணி அவருக்குக் கொடுத்தது. ஒரு நாள் முழுக்க ஓட்டி 115 சுற்றுகள் வந்தார். ஆகஸ்டில் ஹங்கேரியில் நடந்த பொதுச் சோதனை ஓட்டத்தில், அந்த ஆண்டின் காரிலேயே 142 சுற்றுகள் வந்து நான்காவது வேகமான நேரத்தைப் பதிவுசெய்தார். அத்தடத்தில் ஒரு பந்தயம் என்பது 70 சுற்றுகள். கோடை வெயிலில் ஒரே நாளில் இரண்டு பந்தயங்களின் தூரத்துக்கு மேல் ஓட்டிய ஒருவரின் கையைப் பற்றி அதன் பிறகு யாரும் எளிதாகக் கேள்வி எழுப்ப முடியவில்லை.

ஆயினும் ரெனோ அவரை எடுத்துக்கொள்ளவில்லை. வில்லியம்ஸ் அணி அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 2018க்கு செர்கேய் சிரோட்கினைத் தேர்ந்தெடுத்து, குபிட்சாவை மாற்று ஓட்டுநராக வைத்துக்கொண்டது. 2019க்குத்தான் பந்தய இடம் கிடைத்தது. போலந்து எண்ணெய் நிறுவனமான ஓர்லென் விளம்பரதாரராக உடன் வந்தது. 2010 நவம்பரில் அபு தாபியில் ஓட்டியதற்குப் பின், 2019 மார்ச் 17 அன்று மெல்போர்னில் அடுத்த பந்தயம்.

அந்த ஆண்டு தோல்வி என்று சொல்வது சரியா?

எண்கள் இரக்கமற்றவை. அணித் தோழர் ஜார்ஜ் ரஸ்ஸல் 21 தகுதிச் சுற்றுகளிலும் குபிட்சாவை முந்தினார். விலக்கே இல்லை. கார் மிக மெதுவானது, பருவத்துக்கு முந்தைய சோதனை ஓட்டத்துக்கே தாமதமாக வந்து சேர்ந்தது, உதிரிப் பாகங்கள் போதவில்லை என்பவையெல்லாம் உண்மை. ஆனால் ரஸ்ஸல் ஓட்டியதும் அதே அணியின் காரைத்தான். ஒரே சுற்றில் காரின் கடைசித் துளி வேகத்தையும் பிழிந்தெடுக்கும் தகுதிச் சுற்றில், கையின் நுண்ணுணர்வுக் குறைவும் எட்டு ஆண்டு இடைவெளியும் சேர்ந்து வெளிப்பட்டிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அந்தப் பருவத்தில் வில்லியம்ஸ் அணி பெற்றது மொத்தம் 1 புள்ளி. அதைப் பெற்றவர் குபிட்சா. மழையில் குழம்பிப்போன ஜெர்மனி பந்தயத்தில் 12ஆவதாக முடித்தவர், ஆல்ஃபா ரோமியோ கார்கள் இரண்டுக்கும் நேரத் தண்டனை விதிக்கப்பட்டதால் 10ஆம் இடத்துக்கு உயர்ந்தார். விசுவாசிகள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், எதிர்ப்பாளர்கள் அதிர்ஷ்டம் என்பார்கள். மழையில் காரைச் சுவரில் விடாமல் கொண்டுவந்து சேர்ப்பதும் ஓட்டுநரின் தொழில்தான் என்பது என் பதில். பருவம் முடிந்ததும் விலகினார். 2021இல் கிமி ரைக்கோனனுக்குக் கொரோனா வந்தபோது, ஆல்ஃபா ரோமியோவின் மாற்று ஓட்டுநராக இருந்த அவர், போதிய முன்தயாரிப்பு இல்லாமலே இரண்டு பந்தயங்களை ஓட்டி 15, 14ஆம் இடங்களில் முடித்தார்.

பயம் இருக்காதா?

இருக்கும். லவுடா அதை நேர்மையாகச் சொன்னார், சற்றுத் தாமதமாக. மொன்சாவில் செய்தியாளர்களிடம் பயத்தை வென்றுவிட்டதாகச் சொன்னவர், அது பொய் என்றும், முதல் நாள் பயிற்சியில் பயத்தால் உடல் விறைத்துக் காரை ஓட்டவே முடியவில்லை என்றும் பின்னால் எழுதினார். மறுநாள் வேகத்தைப் பற்றி நினைக்காமல் மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏற்றிக்கொண்டார். போட்டியாளர்கள் முன் பயத்தைக் காட்டிக்கொள்வது தோல்வியை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பதால், இந்தத் தொழிலில் இத்தகைய ஒப்புதல்கள் ஓய்வுக்குப் பிறகே வெளிவருகின்றன.

கால்களை இழந்தவர்களும் பந்தயம் ஓட்டுகிறார்களா?

ஓட்டுகிறார்கள், வெல்லவும் செய்கிறார்கள். 2001 செப்டம்பர் 15 அன்று ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங் தடத்தில் இரு கால்களையும் இழந்த அலெக்ஸ் ஸனார்தி, 2003இல் அதே தடத்துக்குப் போய், அன்று ஓட்டாமல் விட்ட 13 சுற்றுகளைக் கைக்கட்டுப்பாடு பொருத்திய காரில் ஓட்டி முடித்தார். பிறகு உலக டூரிங் கார் பந்தயங்களில் பி.எம்.டபிள்யூ. காரில் வென்றார், கையால் மிதிக்கும் சைக்கிளில் 2012, 2016 பாராலிம்பிக் போட்டிகளில் நான்கு தங்கம் பெற்றார். 2017இல் 17 வயதில் இரு கால்களையும் இழந்த பில்லி மோங்கர், மாற்றுத்திறனாளிகள் ஒற்றை இருக்கைக் கார்களை ஓட்டுவதற்கு இருந்த தடையை எஃப்.ஐ.ஏ. நீக்கிய பிறகு, 2018இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3இல் திரும்பி முதல் பந்தயத்திலேயே மூன்றாவதாக வந்தார்.

கனடாவின் ராபர்ட் விக்கன்ஸ் 2018இல் அமெரிக்காவின் பொகோனோ தடத்தில் தண்டுவடத்தில் காயமுற்றார். கால்களால் பெடலை அழுத்த முடியாது. 2022இல் ஹூண்டாய் காரில் ஸ்டீயரிங்கோடு இணைந்த வளையங்களால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் இயக்கித் திரும்பினார். 2023இல் தம் பிரிவில் வாகையரானார். அவருடைய காரை இணை ஓட்டுநரும் ஓட்ட வேண்டியிருந்ததால், இடையில் காரை நிறுத்தும்போது கைக்கட்டுப்பாட்டிலிருந்து பெடலுக்கு மாற்றும் வசதியும் தேவைப்பட்டது. இயந்திரத்தை மனிதனுக்கேற்ப மாற்றலாம் என்று ஏற்றுக்கொண்ட பந்தய வகைகளில் கதவு அகலமாகத் திறக்கிறது. ஃபார்முலா 1இல் அந்த அளவுக்கு இடமில்லை.

குபிட்சா கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார்?

நெடுந்தூரப் பந்தயங்களில். அந்தக் கார்கள் மூடியவை, உள்ளே கொஞ்சம் இடமுண்டு, ஒரே சுற்றின் மின்னல் வேகத்தைவிட இரவு முழுதும் மாறாத வேகமே அங்கு மதிப்புப் பெறும். 2021இல் ஐரோப்பிய லெ மான் தொடரை வென்றார். அதே ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், அவருடைய கார் இரண்டாம் பிரிவில் முன்னிலையில் கடைசிச் சுற்றைத் தொடங்கி, முடிக்காமல் நின்றுபோனது. அப்போது காரில் இருந்தவர் சீன ஓட்டுநர் யே யீஃபெய். 2023இல் உலக நெடுந்தூரப் பந்தயத் தொடரின் அந்தப் பிரிவில் குபிட்சா வாகையரானார்.

2025 ஜூன் 14, 15 தேதிகளில், மஞ்சள் வண்ணம் பூசிய 83ஆம் எண் ஃபெராரி 499பி காரில், அதே யே யீஃபெய், பிரிட்டனின் ஃபில் ஹான்சன் ஆகியோருடன் லெ மான் முதன்மைப் பிரிவில் ஓட்டினார். ஃபெராரியின் தொழிற்சாலைக் கார்கள் இரண்டு இருக்க, இது ஏ.எஃப். கோர்சே அணி தன் பெயரில் நிறுத்திய மூன்றாவது கார். பின்னால் போர்ஷே விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. இறுதி மணி நேரங்களில் ஓட்டுநரை மாற்றாமல் குபிட்சாவையே காரில் வைத்திருக்க அணி முடிவுசெய்தது. 387 சுற்றுகளுக்குப் பின் ஏறத்தாழ 14 நொடி முன்னிலையில் அவர் கோட்டைக் கடந்தபோது அவருக்கு வயது 40. விபத்துக்கு முன் அவர் ஒப்புக்கொண்டிருந்தது ஃபெராரி காரை ஓட்டத்தான்.